இடது முன் டயரின் வெளி ஓரம்

காற்றைக் குறைத்து ஓட்டினால் டயரின் இரண்டு ஓரமும் தேயும். அளவுக்கு மேல் அடித்தால் நடுவில் தேயும். ஷாக் அப்சார்பர் செத்துப்போனால் அங்கங்கே குழி விழும். சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நின்றால், ஒரு பக்கமாகத் தடவும்போது வழவழப்பாகவும் எதிர்ப்பக்கமாகத் தடவும்போது ரம்பப் பல்லாகவும் இருக்கும். வண்டிக்காரர்கள் எல்லாரும் என்னிடம் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "நான் மெதுவாத்தாங்க ஓட்டுவேன்." நான் தலையாட்டிவிட்டு டயரிடம் கேட்டுக்கொள்வேன்.

இருபத்திரண்டு வருஷமாக வீல் அலைன்மென்ட் பார்க்கிறேன். ஊரில் மற்ற கடைகளில் எல்லாம் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நான் இன்னமும் வண்டியின் இரண்டு பக்கமும் நைலான் நூலை இழுத்துக் கட்டி, குனிந்து, எஃகு ஸ்கேலால் அளக்கிறேன். அதனால் எனக்கு நூல்காரர் என்று பெயர். அளந்தது தப்பு என்று என்னிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை. சொல்ல வந்தவர்களை நான் சொல்ல விட்டதில்லை என்பான் ரேடியோ. ரேடியோ என்பவன் எங்கள் கடையில் டயர் கழற்றிப் பூட்டுகிறவன். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது திறந்த வாயைச் சாயங்காலம் ஷட்டரோடுதான் மூடுவான்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். கடை வாசலில் ஹாரன் மூன்று தரம் அலறியது. எட்டிப் பார்த்தேன். என் தங்கச்சி வீட்டுக்காரர். அவருடைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வண்டி, அதன் மேல் அவர்.

"மச்சான்! உங்க நூல் வேலையோட லட்சணத்த வந்து பாருங்க."

கடையில் இரண்டு லாரி டிரைவர்கள் காத்திருந்தார்கள். அவர்கள் காதில் விழ வேண்டும் என்றுதான் அந்தக் குரல். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் தங்கச்சி வீட்டுக்காரர் முன்னால் மட்டும் அந்த மூக்கை மடக்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"வாங்க மாப்பிள்ளை. என்ன ஆச்சு?"

"அஞ்சு மாசம் முன்னாடி நீங்கதான அலைன்மென்ட் பண்ணீங்க? புது டயர். இப்பப் பாருங்க, முன்னாடி இடது பக்கம் மொட்டை. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மட்டும் எடுக்கற வண்டி மச்சான். மத்த நாளெல்லாம் கம்பெனி பஸ்லதான் போறேன். வண்டி பாட்டுக்கு முற்றத்துல நிக்குது. நிக்கற வண்டிக்கு டயர் தேயுமா?"

"பாக்கறேன்."

"டீசலும் தண்ணியாக் குடிக்குது. இன்னொண்ணு கேளுங்க. போன ஞாயிறு ஏறி உக்காந்தா கியருக்குப் பக்கத்துல, நாலு சக்கரத்துக்கும் இழுவை குடுக்கற அந்தச் சின்ன லீவர் கீழ விழுந்து கிடக்கு. நான் அதத் தொடறதே இல்ல. இழுத்தா வரவும் மாட்டேங்குது. ரிவர்ஸ் எடுத்தப்புறம்தான் டக்குனு விட்டுச்சு."

நான் டயர் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. நடு புதிதாக இருந்தது. காற்று சரி. சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட்டை நெம்பிப் பார்த்தேன், கெட்டி. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைப் பிடித்து உலுக்கினேன், ஆட்டமே இல்லை. நூல் கட்டி அளந்தேன். அஞ்சு மாசத்துக்கு முன் நான் வைத்தது வைத்தபடி இருந்தது, மயிரிழை பிசகவில்லை. வலது முன் டயரில் தேய்மானம் கொஞ்சம்தான். பின் டயர்கள் இரண்டும் கிட்டத்தட்டப் புதுசு.

அப்புறம் முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பார்த்தேன். அதில் ஒரு திருகு இருக்கும். லாக்கில் வைத்தால்தான் முன் சக்கரத்துக்கு எஞ்சின் இழுவை போகும், ஃப்ரீயில் வைத்தால் முன் சக்கரம் பாட்டுக்கு உருளும். இரண்டு ஹப்பும் லாக்கில் கிடந்தன. மாப்பிள்ளை என்றைக்கோ பந்தாவுக்குப் பூட்டிவிட்டு மறந்திருக்கிறார். அது மட்டும் இருந்தால் டயர் தேயாது. கூடவே சின்ன லீவரையும் போட்டு, காய்ந்த சிமெண்டுத் தரையில், ஸ்டியரிங்கை ஒரே பக்கம் ஒடித்து, மணிக்கணக்கில் ஊர்ந்தால் தேயும். நாலு சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். லீவர் இறுகிப்போகும். ரிவர்ஸ் எடுத்து முறுக்கைத் தளர்த்தினால்தான் விடும்.

தேய்ந்த ஓரத்தின் பள்ளங்களில் என்னவோ அப்பியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் தோண்டினேன். மரத்தூள்.

தங்கச்சி வீட்டைச் சொல்ல வேண்டும். ஒரு நீளச் சந்தின் கடைசியில் இருக்கிறது அந்த வீடு. சந்தின் இரண்டு பக்கமும் மாப்பிள்ளையின் பெரியப்பா, சித்தப்பா, அத்தை வகையறா. அவள் தெருவில் காலை வைத்தால் மூன்றாவது வீட்டைத் தாண்டுவதற்குள் நாலு பேர் "எங்கம்மா கிளம்பிட்ட?" என்று கேட்பார்கள், அஞ்சாவது ஆள் அவருக்குப் போன் போடுவான். ஆனால் அவள் காலை வைப்பதே இல்லை. காலை ஆறு மணிக்கு அவர் கம்பெனி பஸ்ஸுக்குப் போகும்போது இரும்புக் கேட்டைப் பூட்டிவிட்டுப் போவார், சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து திறப்பார். பாதுகாப்பாம். போனையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் இருக்கும்போது நாங்கள் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முற்றத்துக்கு ஆள் உயரத்துக்கு மேல் சுவர், சிமெண்டுத் தரை, நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கேட் ஒரு மூலையில், குறுகல். தொட்டியைச் சுற்றி வண்டி வரலாம், ஆனால் மூக்கைக் கேட்டுப் பக்கம் திருப்ப அகலம் போதாது. வெளியே எடுக்க ரிவர்ஸ் ஒன்றுதான் வழி. சுவருக்கு அந்தப் பக்கம் மர அறுவை மில். நாளெல்லாம் ரம்பம் கத்தும், தூள் பறந்து வந்து முற்றம் முழுக்கப் படியும்.

வண்டிச் சாவி ஆணியில்தான் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு போக அவருக்குத் தோன்றியிருக்காது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவளுக்கு என்ன தெரியும்?

அவளுக்கு ஒன்றே ஒன்று தெரியும். அதைச் சொன்னவன் நான்தான். அவளுக்குப் பன்னிரண்டு வயசு. கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். ஒரு பழைய ஜீப் நின்றது. "இது எதுக்குண்ணா?" என்று சின்ன லீவரைக் காட்டினாள். "இத இழுத்து லோவுல போட்டா பச்சப்புள்ளகூட வண்டி ஓட்டலாம். எறும்பு மாதிரி ஊரும், ஆஃப் ஆகவே ஆகாது" என்றேன். "எனக்கும் ஓட்டச் சொல்லிக் குடேன்" என்றாள். நான் சிரித்தேன். "உனக்கு எதுக்குப் பாப்பா? வண்டியோட ஒரு மாப்பிள்ளை வருவான், பக்கத்துல உக்காந்து போ."

வந்தான். வண்டியோடுதான் வந்தான்.

டயரில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. போன வருஷம் அவளைக் கூட்டிவரப் போனேன். அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நான் நல்லாத்தான்ணா இருக்கேன்" என்றாள். யார் சொல்ல வைத்தது என்று யோசிக்கவில்லை. "அப்ப நல்லாவே இரு!" என்று கத்திவிட்டு வந்தவன், அப்புறம் அந்தச் சந்துக்கே போகவில்லை. நான் வீம்பு பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு வருஷத்தில் அவள் ரம்பச் சத்தத்தின் மறைவில் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சொன்ன பாதிப் பாடத்தை வைத்துக்கொண்டு. மீதிப் பாதி, ஹப்பை ஃப்ரீயில் போட வேண்டும், காய்ந்த தரையில் கூடாது, லீவர் இறுகினால் ரிவர்ஸ் எடு. அதை நான் சொல்லவே இல்லை.

"என்ன மச்சான், டயரோட ரகசியம் பேசறீங்களா? காரணத்தச் சொல்லுங்க."

காரணத்தைச் சொன்னால் நாளையிலிருந்து சாவி ஆணியில் இருக்காது. சாவி மட்டுமா? அவர் வீட்டுக்குப் போய் அவளை என்ன செய்வாரோ. சொல்லாவிட்டால் வேறு கடைக்குப் போவார். டயர் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.

அதற்கு ஆதாரம் உடனே கிடைத்தது. ரேடியோ என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "நூலு, இது ரோட்டுத் தேய்மானம் மாதிரியே இல்லியே. யாரோ ஒரே பக்கமா சுத்திச் சுத்தி..." என்று ஆரம்பித்தான்.

"உன்கிட்ட யாராவது கேட்டாங்களா? போய் அந்த லாரி வீலக் கழட்டு!"

நான் கத்திய கத்தலில் லாரி டிரைவர்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ரேடியோ என் முகத்தைப் பார்த்தான், டயரைப் பார்த்தான், என் விரல் நுனியில் இருந்த மரத்தூளைப் பார்த்தான். மாப்பிள்ளை வீடு எங்கே என்று அவனுக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு போனான்.

மாப்பிள்ளையின் கண் சுருங்கியது. "சுத்திச் சுத்தின்னா?"

"அவனுக்கு என்ன தெரியும், உளறுவான்." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன். அடுத்து நான் சொன்னது, இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒருதரம்கூடச் சொல்லாத வாக்கியம். "என் தப்பு மாப்பிள்ளை."

"என்னது? சத்தமாச் சொல்லுங்க."

"என் தப்பு. போன தடவை நூலத் தப்பா கட்டிட்டேன். அளவு கோணிப்போச்சு. அதனாலதான் ஒரு பக்கம் தேயுது. சக்கரம் இழுத்துக்கிட்டே போறதால டீசலும் கூடக் குடிக்குது."

"லீவரு?"

"ஸ்பிரிங் தளர்ந்திருக்கு. குலுக்கல்ல தானா விழும்."

அவர் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. லாரி டிரைவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? நூல்காரரு நூலத் தப்பா கட்டிட்டாராம். நீங்க நல்லாப் பாத்து வண்டிய விடுங்க" என்றார். அதில் ஒருவர் பத்து வருஷமாக என்னிடம் வருகிறவர். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் காது மடல் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இனிமே உங்கள நம்பி எப்படி மச்சான் வண்டியக் குடுக்கறது?"

இதற்குத்தான் காத்திருந்தேன். "நீங்க வரவே வேண்டாம் மாப்பிள்ளை. தப்புப் பண்ணவன் நான். மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை நானே வீட்டுக்கு வந்து, வண்டி நிக்கற இடத்துலயே அளந்து பாக்கறேன். அப்புறம் மாசா மாசம் வரேன். வேற யார் கையும் இதுல பட வேண்டாம். என் பேரு கெட்டுப்போகும்."

மாசா மாசம் மச்சான் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். அந்தக் காட்சி அவருக்குப் பிடித்துவிட்டது. "சரி, வாங்க. ஒம்போது மணிக்கு வந்துடணும்" என்றார்.

தேய்ந்த டயரைப் பின்னால் மாற்றிப் போட்டேன். இரண்டு ஹப்பையும் ஃப்ரீயில் திருகி வைத்தேன். இனி சின்ன லீவரை லோவில் போட்டாலும் பின் சக்கரம் மட்டும்தான் தள்ளும். அதே எறும்பு வேகம்தான், ஆனால் முன் டயர் சண்டை போடாது, லீவரும் இறுகாது. அன்றைக்கு அவளுக்காக என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மூன்று வாரம் காத்திருந்தேன். ஊரில் அதற்குள் செய்தி பரவிவிட்டது. பத்து வருஷத்து லாரி டிரைவர் அடுத்த தடவை கம்ப்யூட்டர் கடையில் வண்டியை நிறுத்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ரேடியோ ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், "ஞாயித்துக்கிழமை மில்லு மத்தியானம் வரைக்கும் ஓடும் நூலு. விசாரிச்சுட்டேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குக் கேட்டைத் தட்டினேன். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை என்னை உள்ளே விட்டார். மில்லில் ரம்பம் கத்திக்கொண்டிருந்தது. வண்டி சுவரைப் பார்த்து நின்றது, பின்புறம் கேட்டுப் பக்கம். தரை கழுவிய ஈரத்தோடு இருந்தது. ஈரத்துக்கு அடியில், தொட்டியைச் சுற்றி, கறுப்பாக ஒரு வளையம் மங்கலாகத் தெரிந்தது. தெரிந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

"தெனமும் இந்தத் தரையக் கழுவறா. வேற வேலை என்ன இருக்கு அவளுக்கு?" என்றார்.

பாப்பா சமையலறை வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். "வாண்ணா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டார். நான் தண்ணீர் கேட்டால் அவரே வாங்கிக் கொடுத்தார். நான் வண்டிக்கு அந்தப் பக்கம் போனால் அவரும் வந்தார். அந்தச் சுவர்களுக்குள் வந்து பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது, எனக்கே மூச்சு முட்டியது.

முன் டயரைத் தடவிப் பார்த்தேன். புதிதாகத் தேய்மானம் இல்லை. பள்ளத்தில் மட்டும் புதுத்தூள் ஏறியிருந்தது. ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

பெட்டியைத் திறந்தேன். நூல்கண்டை எடுத்தேன். "அடடா, ஸ்டாண்டக் கடையிலயே வச்சுட்டு வந்துட்டேன் மாப்பிள்ளை" என்றேன். வேண்டுமென்றேதான் வைத்துவிட்டு வந்தேன். நூலின் இரண்டு முனையையும் இழுத்துப் பிடிப்பதற்கு இரும்பு ஸ்டாண்டு உண்டு. அது இல்லாவிட்டால் ஆள் வேண்டும்.

"இப்ப என்ன பண்றது?"

"இந்த முனைய நான் குழாய்ல கட்டிக்கறேன். அந்த முனைய நீங்க பிடிக்கணும். நூலு எவ்வளவு நீளமோ அவ்வளவு துல்லியம். கேட்டுக்கு வெளிய, சந்துல ஒரு நாப்பது அடி தள்ளி நில்லுங்க. முழங்கால் உயரம். ஒரு துளி ஆடினாலும் முதல்லேருந்து அளக்கணும். போன தடவை மாதிரி தப்பாயிடக் கூடாது, பாருங்க."

அவர் பாப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் நூல் முனையை வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். சந்தில் குந்தி உட்கார்ந்து நூலை இழுத்துப் பிடித்தார். யாரோ சித்தப்பா, "என்னப்பா, பட்டம் விடறியா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

நான் வண்டியின் முன்பக்கம் படுத்தேன். சந்திலிருந்து அவருக்கு என் செருப்புகூடத் தெரியாது. பாப்பா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தரையைப் பெருக்குவது போல் என் தலைமாட்டுக்கு வந்தாள். ரம்பச் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் எனக்கு மட்டும் கேட்டது.

அழுவாள் என்று நினைத்தேன். ஏன் வரவில்லை என்று கேட்பாள் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் பதில் யோசித்து வைத்திருந்தேன்.

"கேட்டோட மாத்துச்சாவி எங்க இருக்குன்னு தெரியும்ணா. கேட்டுல கை விட்டுத் திறந்துடலாம். ரிவர்ஸ்தான் வர மாட்டேங்குது."

"அன்னைக்கே சொல்லிக் குடுத்திருக்கணும் பாப்பா. தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். இந்தத் தடவை பொய்யில்லாமல் சொன்னேன்.

"இப்பச் சொல்லுண்ணா. சீக்கிரம்."

"கியர்க் குமிழக் கீழ அமுக்கு. அமுக்கினபடியே இடது பக்கம் தள்ளி மேல போடு. அமுக்காம வராது, அதான் உனக்கு வரல. சின்ன லீவர் லோவுலயே இருக்கட்டும், மெதுவா ஊரும். கண்ணாடிய நம்பாத, தலைய வெளிய நீட்டிப் பின்னால பாரு. வண்டியோட வால் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்க ஒடி. கொஞ்சம் கொஞ்சமா ஒடி."

"வால் போற பக்கம்" என்று அவள் துடைப்பத்தை அசைத்தபடி சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "அமுக்கி, இடது, மேல."

"அவர் கம்பெனிக்குப் போனப்புறம் எடு. சந்து முடியற வரைக்கும் ரிவர்ஸ்தான். யார் கூப்பிட்டாலும் நிறுத்தாத. மெயின் ரோட்டுக்கு வந்ததும் வண்டிய நிறுத்து. லோவ எடுத்துட்டு லீவர மேல போடு, அப்புறம் நேரா கடைக்கு வா. ரேடியோ ஷட்டரத் திறந்தே வச்சிருப்பான்."

"மச்சான்!" சந்திலிருந்து குரல் வந்தது. "ஆச்சா இல்லியா? கால் மரத்துப்போச்சு!"

பாப்பா, சந்துக்குத் தெரியாத பக்கம் இருந்த வண்டிக்கதவைப் பார்த்தாள். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து குமிழை ஒருதரம் அமுக்கிப் பார்க்க அரை நிமிஷம் போதும். நான் ஸ்கேலால் நூலை லேசாகத் தட்டினேன். அந்த முனையில் அவர் இறுக்கிப் பிடித்திருப்பது என் விரலுக்குத் தெரிந்தது.

"ஏறு" என்றேன் அவளிடம்.

"இன்னும் ஆகல மாப்பிள்ளை!" என்று சந்துக்குக் கேட்கும்படி கத்தினேன். "அப்படியே இருங்க. ஆடாமப் பிடிங்க."